சுளை நமக்கு, புயல் யாருக்கு?

இப்போதெல்லாம் பெரிய ஊர்களில் ஒரு புது மாதிரி ஓட்டல் வந்திருக்கிறது. கவனித்திருப்பீர்கள். மொத்தமே எட்டு மேஜைதான். மஞ்சள் விளக்கு, மெதுவான பாட்டு. மெனு கார்டு கிடையாது. சுவரில் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸில் அன்றைய அயிட்டங்கள். கீழே ஒரு வரி: 'இந்தப் பருவத்தில், இந்தப் பக்கத்தில் விளைந்தது மட்டும்.' பக்கத்திலேயே தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயியின் போட்டோ.

இதற்கு பிஸ்ட்ரோ என்று பேர். பிரெஞ்சுக்காரர்கள் தெருமுனைச் சின்னச் சாப்பாட்டுக் கடையை அப்படித்தான் சொல்வார்கள். அதாவது, நம்ம ஊர் மெஸ். பில் வந்ததும்தான் வித்தியாசம் தெரியும்!

பில்லைப் பற்றிப் புகார் சொல்வதல்ல என் நோக்கம். அங்கே சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது வயிறு மட்டும் நிறைவதில்லை. ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி மனசும் நிறைகிறது. என் கேள்வி அந்த இரண்டாவது நிறைவைப் பற்றி. அது நியாயமாக நமக்குச் சேர வேண்டியதுதானா?

இந்த எண்ணத்துக்கு ஒரு சின்னச் சரித்திரம் உண்டு. 1971-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற பெண்மணி 'ஷே பனீஸ்' என்ற உணவகத்தைத் திறந்தார். பக்கத்துப் பண்ணையில் அன்றைக்கு என்ன நன்றாக இருக்கிறதோ, அதுதான் சமையல். 1986-ல் ரோம் நகரத்தில் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது கிளம்பிய எதிர்ப்பிலிருந்து இத்தாலியில் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் வளர்ந்தது. பக்கத்தில் விளைவதை மட்டும் சாப்பிடுகிறவருக்கு 'லோக்கவோர்' என்று ஒரு வார்த்தை 2005-ல் பிறந்தது. 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் அமெரிக்கப் பதிப்பு அதை ஆண்டின் சிறந்த வார்த்தையாகத் தேர்ந்தெடுத்தது.

"இதைத்தானே எங்க பாட்டி செஞ்சா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செய்தார்தான். ஆனால் பாட்டிக்கு வேறு வழி இருக்கவில்லை. ஃபிரிட்ஜ் இல்லை, குளிர்பதன லாரி இல்லை. மாசி மாதத்தில் பலாப்பழம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். நாம் வேறு எல்லாம் கிடைக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கிறோம். பாட்டிக்கு விதியாக இருந்தது நமக்கு ரசனையாகிவிட்டது. ரசனை தப்பில்லை. அதையே ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்வதற்கு முன்னால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

யோசிப்பதற்குச் சரியான இடம் பண்ருட்டி. பிஸ்ட்ரோக்கள் நிறைந்த புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

சித்திரையிலிருந்து ஆடி வரை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ரோட்டோரமெல்லாம் பலாப்பழம் குவிந்திருக்கும். கரும்பலகை எதுவும் இல்லாமலே வீடுகளில் பருவம் சமையலுக்கு வந்துவிடும். பலாப்பிஞ்சுப் பொரியல், சாம்பாரில் பலாக்கொட்டை. கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் போட்ட கருவாட்டுக் குழம்பு இருக்கிறதே, அதைச் சாப்பிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குழம்பில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 61 நாள் தடை. கடலூர் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும். நல்ல மீன் விலை ஏறிவிடும். பலாக்கொட்டை மலிந்து கிடப்பதும் அந்த மாதங்களில்தான். ஆக, கருவாடும் பலாக்கொட்டையும் ஒரே சட்டியில் சேருவதற்குப் பருவமும் ஒரு காரணம், பற்றாக்குறையும் ஒரு காரணம். நாம் ருசி என்று சப்புக்கொட்டுவதன் மறுபக்கத்தில் இரண்டு மாதம் வேலையில்லாத படகுத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார்.

சரி, 'பக்கத்தில் விளைந்தது' என்பதையும் பார்த்துவிடலாம். பலா நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை. முந்திரி? பிரேசிலில் இருந்து போர்த்துக்கீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. குழம்பில் போடும் மிளகாயும் கப்பலேறி வந்த விருந்தாளிதான். 2025-ல் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நானூறு வருஷம் தாண்டினால் விருந்தாளி சொந்தக்காரராகிவிடுவார் போலிருக்கிறது. சந்தோஷம்தான்.

ரோட்டோரத்தில் பழம் விற்ற ஓர் அம்மாவிடம், "சீசன் முடிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஆடி போனா பழமும் போச்சு சார். அப்புறம் முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போவேன். அது நம்மூரு கொட்டை இல்ல... கப்பல்ல வருது."

உண்மைதான். பண்ருட்டி வட்டாரத்து முந்திரி ஆலைகளுக்கு உள்ளூர் விளைச்சல் போதாது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து அனுப்புகிறார்கள். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். பல வருஷம் அந்த வேலை பார்த்த பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும்.

இப்போது சொல்லுங்கள். 'வெளியூர்க் கொட்டை வேண்டாம், உள்ளூர் மட்டும்' என்று நீங்களும் நானும் கொள்கை முடிவு எடுத்தால் அந்த அம்மாவுக்கு ஆடிக்கு அப்புறம் அடுப்பு எரியுமா? சுற்றுச்சூழல் கணக்குக்கூட நாம் நினைக்கிற அளவுக்கு எளிதில்லை. உணவால் உண்டாகும் கரிப்புகையில் போக்குவரத்தின் பங்கு பொதுவாகச் சிறியதுதான். எங்கிருந்து வந்தது என்பதைவிட, எதைச் சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிய தொகை. கிலோமீட்டரை வைத்து மட்டும் நல்லது கெட்டதை அளக்க முடியாது.

பின்னே எதை வைத்து அளப்பது? 2011-ம் வருஷத்துக்கு வாருங்கள்.

அந்த வருஷம் டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் இருக்கிறது. மரம் போனால்? கொட்டையிலிருந்து முளைத்த பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் கொஞ்சம் சீக்கிரம். அப்பா நட்ட மரத்தை நம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்தவர்களின் கணக்கை ஒரே காலைப் பொழுது கிழித்துப் போட்டது.

அதே சமயத்தில், பருவத்தை விரும்பிச் சாப்பிடுகிறவருக்கு என்ன நஷ்டம்? கரும்பலகையில் ஒரு வரியை அழித்துவிட்டு வேறு வரி எழுதினால் முடிந்தது. பலா இல்லையா, மாம்பழம் போடு. பருவம் அவருக்கு ருசி மாற்றம். விளைவித்தவருக்கு அதுதான் வாழ்வும் சாவும்.

"நான் காசு கொடுத்தேன், சாப்பிட்டேன், கணக்கு நேர்" என்று நீங்கள் சொல்லலாம். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். சாதாரண ஓட்டலில் அது முழுக்கச் சரி. ஆனால் இங்கே விற்கப்படுவது சாப்பாடு மட்டுமா? சுவரில் அந்த போட்டோ எதற்கு? 'இவர் நம்ம விவசாயி, நாம இவர் பக்கம்' என்ற உறவையும் சேர்த்துத்தானே விலை போடுகிறார்கள்? அக்கவுன்ட்ஸ் பாஷையில் அதற்கு குட்வில் என்று பேர். ஐந்தொகையில் சொத்துப் பக்கம் எழுதுவோம். சொத்து என்று ஒன்றை எழுதினால் அதற்கான பொறுப்பு எதிர்ப்பக்கத்தில் எங்கேயாவது இருக்க வேண்டும். இங்கே அந்த இடம் காலி. விவசாயியின் முகம் கடைக்கு, அவருடைய புயல் அவருக்கே!

வேடிக்கையைப் பாருங்கள். தோப்பைக் குத்தகைக்கு விடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். பிஞ்சாக இருக்கும்போதே வியாபாரி மரத்தைப் பார்த்து விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். கறாரான ஆள். அடித்துத்தான் பேசுவார். ஆனால் அதற்குப் பிறகு காய் உதிர்ந்தால் கை கடிப்பது அவருக்கும்தான். விவசாயிமீது பாசம் எதுவும் காட்டாத அவர்கூட மரத்தோடு தன் பணத்தைக் கட்டிப் போட்டிருக்கிறார். பாசம் பொங்கும் நாம் எதையும் கட்டிப் போடவில்லை.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்று ஜப்பான்காரர்கள் காட்டினார்கள். 1970-களில் அங்கே 'தெய்கெய்' என்ற ஏற்பாடு பரவியது. சில குடும்பங்கள் சேர்ந்துகொண்டு ஒரு விவசாயியோடு நேரடியாக ஒப்பந்தம் போடும். விளைந்தது எதுவோ அதை வாங்கிக்கொள்ளும். அதிகம் விளைந்தால் அதிகம், குறைந்தால் குறைவு. நல்ல வருஷத்தின் லாபம் மட்டுமல்ல, கெட்ட வருஷத்தின் நஷ்டமும் இரண்டு பேருக்கும் பொது. இதிலும் ருசி உண்டு, ஆரோக்கியம் உண்டு. கூடவே பொறுப்பும் உண்டு.

எனக்குத் தெரிந்து 'பக்கத்து' என்ற வார்த்தைக்கு இதுதான் அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரைச் சொல்கிறோம்? சுவர் ஒட்டியிருப்பவரையா, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்றால் எழுந்து வருகிறவரையா?

உடனே எல்லோரும் ஒப்பந்தம் போடக் கிளம்ப வேண்டியதில்லை. சின்னதாக ஆரம்பிக்கலாம். பழம் குவிந்து விலை சரியும்போது இன்னும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாமல் இருக்கலாம். விளைச்சல் குறைந்து விலை ஏறும் வருஷத்திலும் ஒரு பழம் வாங்கலாம். தெரிந்த விவசாயி ஒருவர் இருந்தால், அறுவடைக்கு முன்னாலேயே பணம் கொடுத்து வைக்கலாம்.

அடுத்த முறை அந்த மஞ்சள் விளக்குக் கடைக்குப் போகும்போது முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "போட்டோவில இருக்காரே, இவருக்கு விளையாத வருஷம் என்ன செஞ்சீங்க?"

பதில் இருந்தால் அந்தக் கடையை விடாதீர்கள். பதில் இல்லையென்றாலும் பரவாயில்லை, சமையல் நன்றாக இருந்தால் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதைச் சாப்பாட்டுச் செலவு என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தர்மக் கணக்கில் வரவு வைத்துவிட வேண்டாம்.