மூலக்கூறு அறியுமா?

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் தன் டி.என்.ஏ.வை அதன் உடலுக்குள் செலுத்தியதும், காஸ்9 என்ற புரதம் அதைத் தேடிப் பிடித்து வெட்டிவிடுகிறது. அதே செல்லுக்குள் பக்கத்திலேயே கிடக்கும் சொந்த டி.என்.ஏ.வை அது விட்டுவிடுகிறது. அந்தப் புரதத்துக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ஆனாலும் தன்னுடையது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பிரித்துச் செயல்படுகிறது. இதை அறிவு என்று கொள்வதா, வெறும் வேதிவினை என்று தள்ளுவதா? அறிவு எங்கே தொடங்குகிறது என்று தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விதான் இது. இன்று ஆய்வகத்திலும் அதற்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த ஜெனிஃபர் டௌட்னாவின் பணியில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. ஆர்.என்.ஏ.வின் வடிவத்தையும் வேலையையும் ஆராய்ந்துவந்த அவர், எம்மானுவேல் ஷார்பென்டியேயுடன் சேர்ந்து 2012-இல் காஸ்9-ஐ விரும்பிய இடத்தில் வெட்டும் கருவியாக மாற்றிக் காட்டினார். 2020-இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியா தன்னைத் தொற்றும் வைரஸைத் தடுக்கும் முறையிலிருந்து பிறந்த அந்தக் கருவி, பிறகு புற்றுநோய்ச் சிகிச்சைக்குள்ளும் நோயைக் கண்டறியும் உயிர் உணரிகளுக்குள்ளும் நுழைந்தது.

காஸ்9 எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் தத்துவக் கேள்வி கூர்மை பெறும். 1987-இல் ஜப்பானில் இஷினோ குழுவினர் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஒரே தொடர் இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப வருவதைக் கண்டனர். அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. அந்த இடைவெளிகளில் இருப்பவற்றில் பல வைரஸ்களின் டி.என்.ஏ. துண்டுகள் என்று 2005-இல் ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ மொஹிக்கா காட்டினார். தயிர் தயாரிப்பில் பயன்படும் பாக்டீரியாவைக் கொண்டு 2007-இல் நடந்த சோதனை, வைரஸ் துண்டைச் சேமித்துக்கொண்ட பாக்டீரியா அந்த வைரஸை எதிர்த்துத் தாக்குப்பிடிக்கிறது என்று நிறுவியது. சேமித்த துண்டின் ஆர்.என்.ஏ. நகல் காஸ்9-க்கு வழிகாட்டுகிறது. நகலில் உள்ள சுமார் இருபது எழுத்துகளோடு பொருந்தும் டி.என்.ஏ. வெட்டப்படுகிறது.

அப்படியானால் பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் சேமித்து வைத்திருக்கும் அதே இருபது எழுத்துகளை ஏன் வெட்டுவதில்லை? காஸ்9 முதலில் தேடுவது அந்த இருபது எழுத்துகளை அல்ல, அவற்றை ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு குறியை. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் வகையில், இரண்டு ஜி எழுத்துகளில் முடியும் மூன்றெழுத்துக் குறி அது. வைரஸின் டி.என்.ஏ.வில் அந்தத் துண்டை ஒட்டிக் குறி இருக்கும். சேமிப்பறையில் அதே துண்டுக்குப் பக்கத்தில் இருக்காது. குறி இருந்தால் டி.என்.ஏ. இழைகளைப் பிரித்துப் படிக்கிறது, இல்லாவிட்டால் நகர்ந்துவிடுகிறது. தன்னைப் பற்றிய அறிவு இதில் எங்கும் இல்லை. 'தான்' என்பதற்கு அந்தப் புரதத்திடம் இருப்பதெல்லாம் ஒரு குறியின் இல்லாமை மட்டுமே.

2018-இல் டௌட்னாவின் குழு வெளியிட்ட டிடெக்டர் என்ற பரிசோதனை முறை, அறியாமலே பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று. தொற்று, புற்றுநோய், உணரி மூன்றும் அந்த ஒரே குழாய்க்குள் சந்தித்தன. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதை நிறுவியதற்காக ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே பெரும்பாலான பாதிப்புக்குக் காரணம். டௌட்னாவின் குழு காஸ்12ஏ என்ற இன்னொரு புரதத்துக்கு இந்த வகைகளின் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தது. மனிதர்களிடமிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் டி.என்.ஏ. இருந்தால் காஸ்12ஏ அதைப் பற்றி வெட்டுகிறது. வெட்டியதும் வெறி பிடித்ததைப் போல, அருகில் மிதக்கும் ஒற்றை இழை டி.என்.ஏ. அனைத்தையும் துண்டாடத் தொடங்குகிறது. ஒளிரும் மூலக்கூறு ஒரு முனையிலும் அந்த ஒளியை அடக்கும் மூலக்கூறு மறுமுனையிலுமாக ஒட்டிய சிறு இழைகள் குழாயில் முன்பே போடப்பட்டிருக்கும். இழை அறுந்ததும் ஒளி விடுபடுகிறது. கருவி அந்த ஒளியை அளக்கிறது.

இந்த வரிசையில் வைரஸ் இருப்பதை அறிந்தது எது? ஆர்.என்.ஏ. பொருந்தியது, புரதம் வெட்டியது, இழை அறுந்தது, ஒளி வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிகழ்வு இருக்கிறது, அறிபவர் இல்லை.

தமிழ்ச் சிந்தனையில் இதற்கு இரண்டு வலுவான நிலைப்பாடுகள் உண்டு. மணிமேகலையில் வரும் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது கள்ளின் போதை பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். சைவ சித்தாந்தம் இதை ஏற்பதில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஐந்தாம் நூற்பாவில், ஐம்பொறிகள் உயிரின் துணையால் அளந்து அறிந்தாலும் தம்மை அறிவதில்லை, தம்மைச் செலுத்தும் உயிரையும் அறிவதில்லை என்கிறது. உயிர் இறைவனின் துணையால் அறிவதும் அத்தகையதே என்று மேலும் செல்கிறது. இவர்கள் யாரும் மூலக்கூறு உயிரியலை முன்கூட்டிச் சொன்னவர்கள் அல்லர். அப்படித் தேடுவது அறிவியலுக்கும் அந்த நூல்களுக்கும் செய்யும் அநீதி. ஆனால் அளப்பது வேறு, அளந்ததை அறிவது வேறு என்ற சித்தாந்தத்தின் பிரிவினை, இறைவனை ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் இங்கே பயன்படுகிறது. டிடெக்டர் குழாய் அளக்கிறது.

பூதவாதியின் பக்கமும் எளிதில் தோற்றுவிடாது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் பிரெட் டிரெட்ஸ்கி 1980-களில் எழுப்பிய கேள்வி அதற்குத் துணை நிற்கிறது. ஒன்று மற்றொன்றைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அது தவறாகக் குறிக்கவும் முடிய வேண்டும். புகை நெருப்பைக் காட்டுகிறது. புகை தவறு செய்தது என்று யாரும் சொல்வதில்லை. காஸ்9 தவறு செய்யுமா? செய்யும். சில எழுத்துகள் பொருந்தாவிட்டாலும் சில நேரம் வெட்டிவிடுகிறது. சில வைரஸ்கள் அதை முடக்கும் புரதங்களுக்கான மரபணுக்களையே கொண்டுவருகின்றன. தன் டி.என்.ஏ.வையே வெட்ட நேர்ந்தால் பாக்டீரியா சாகவும் கூடும். சரி, தவறு என்று சொல்லும்படி பாக்டீரியாவுக்குள் ஓர் அளவுகோல் இருக்கிறது: அது பிழைத்திருப்பது. ரூத் மில்லிகன் போன்ற தத்துவ அறிஞர்கள் உயிரினங்களின் பரிணாம வரலாறே இத்தகைய அளவுகோலைத் தருகிறது என்கிறார்கள். எனவே பாக்டீரியாவிடம் அறிவு இல்லாவிட்டாலும், அறிவின் வேர் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே நியாயம்.

அதே புரதக் குடும்பம் சோதனைக் குழாய்க்குள் வந்ததும் அந்த அளவுகோல் காணாமல் போகிறது. அங்கே பிழைத்திருக்க வேண்டிய உயிர் எதுவும் இல்லை. இல்லாத வைரஸை இருப்பதாகக் காட்டினால் புரதத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. பாதிக்கப்படுவது மாதிரியைக் கொடுத்த மனிதர்.

புற்றுநோயில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட் நோய் எதிர்ப்பாற்றலைத் தன்னது, பிறிது என்ற பிரிவின்மேல் விளக்கினார். புற்றுச் செல்லோ உடலின் சொந்தச் செல்; வெளியிலிருந்து வந்ததல்ல. நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களின் மேல் இருக்கும் பிடி-1 என்ற புரதம் அவற்றின் தாக்குதலைத் தணிக்கிறது. சொந்த உடலைக் காக்க அமைந்த அந்தத் தடை, புற்றுக்கும் அரணாகிவிடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் மூன்று நோயாளிகளின் டி செல்களை எடுத்து, பிடி-1 உட்பட மூன்று மரபணுக்களைக் காஸ்9 கொண்டு செயலிழக்கச் செய்து, புற்றுச் செல்லை இனங்காணும் ஏற்பி ஒன்றையும் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினர். 2020-இல் முடிவுகள் வெளியாயின. நோய் குணமாகவில்லை, பாதுகாப்பைச் சோதிப்பதே அதன் முதல் நோக்கம். திருத்திய செல்கள் ஒன்பது மாதங்கள் வரை உடலில் இருந்தன. உடல் தன்னது என்று விட்டுவைத்ததை, விட்டுவைக்கக் கூடாதது என்று மனிதர்கள் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் எந்த மூலக்கூறிலும் இல்லை.

மூலக்கூறு பிரித்துப் பார்க்கிறது, உயிரினத்துக்குள் இருக்கும்போது தவறவும் செய்கிறது, அறிவதில்லை. அறிவதற்கான பொறுப்பு முழுவதும் முடிவைப் படிப்பவரிடம் வந்து சேர்கிறது. எச்.பி.வி. பரிசோதனையில் குழாய் ஒளிர்ந்தால், அந்த வைரஸின் டி.என்.ஏ. மாதிரியில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். புற்றுநோய் வந்துவிட்டது என்பது அதன் பொருள் அல்ல. பெரும்பாலான எச்.பி.வி. தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடுகின்றன. மறையாமல் நீடிப்பவற்றைத்தான் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பரிசோதனை முடிவைக் கையில் கொடுக்கும் மருத்துவரும் செவிலியரும் இந்த இரண்டு செய்திகளையும் பரிசோதனை செய்துகொண்ட பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.