கோல் யாருக்கு உரியது?

ஒரு செயலின் பயன் அதைச் செய்தவருக்கே முழுமையாக உரியதா என்பது பௌத்த மெய்யியல் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். எப்பொருளும் தானாகத் தோன்றுவதில்லை, காரணங்கள் பல கூடும்போது தோன்றி அவை நீங்கும்போது மறைகிறது என்னும் அதன் அடிப்படைக் கொள்கை 'சார்பில் தோற்றம்' எனப்படும். இக்கொள்கையை உரசிப் பார்க்க, அணியின் கூட்டு உழைப்பில் விளையும் கோலைத் தம் ஒருவர் பெயரில் எழுதப்பெறும் கால்பந்து முன்கள வீரரின் வாழ்க்கை ஏற்ற களமாக அமைகிறது.

ஜப்பானின் குனிஷிகே கமமோட்டோ (1944–2025) அத்தகைய வீரர்களுள் தலையாயவர். கியோட்டோவில் பிறந்து வசேடா பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1967 முதல் 1984 வரை யான்மார் டீசல் அணிக்கு ஆடி, ஜப்பான் கால்பந்து லீக்கில் 251 ஆட்டங்களில் 202 கோல்கள் அடித்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 7 கோல்களுடன் அவரே முதலிடம் பெற்றார். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் மெக்சிகோவை 2–0 என வென்றபோது இரண்டு கோல்களும் அவர் அடித்தவையே. எனினும் அவ்விரண்டுக்கும் பந்தை அளித்தவர் ரியுயிச்சி சுகியாமா. அந்தத் தலைமுறை வீரர்களை உருவாக்கியதில் 1960-இல் ஜப்பானுக்கு வந்த ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமருக்குப் பெரும்பங்கு உண்டு. ஒலிம்பிக் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் கமமோட்டோ தனியே பயிற்சியும் பெற்றிருந்தார். கணக்கேட்டில் ஒரு பெயர் நிற்க, கோலின் பின்னே காரணங்களின் நீண்ட தொடர் நிற்கிறது.

காரணங்கள் விலகும்போது நேர்வதையும் இவ்வாழ்க்கை காட்டுகிறது. 1969-இல் கல்லீரல் அழற்சி நோய்க்கு ஆளான அவர் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட இயலாது போயிற்று; ஜப்பானும் 1970 போட்டிக்குத் தகுதி பெறவில்லை. திறனும் விருப்பமும் இருந்தும் உடல் என்னும் ஒரு சார்பு தளர்ந்ததால் பயன் கைகூடவில்லை. பின்னரும் உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

அனைத்தும் சார்பினால் விளைபவை எனில் செய்தவரைப் புகழ்வது பொருளற்றதாகிவிடாதா என்ற மறுப்பு இங்கே எழும். அதற்குப் பௌத்தம் தரும் விடை, வினை என்பது அடிப்படையில் எண்ணமே என்பதாகும். அதாவது மனம் தெரிந்து மேற்கொள்ளும் முனைப்பே, 'சேதனை' எனப்படுவதே, ஒரு செயலைச் செய்பவருக்கு உரியதாக்குகிறது. பந்து வந்து சேர்வது பிறரைச் சார்ந்தது. அது வரும் கணத்துக்குத் தம்மை ஆண்டுக்கணக்கில் ஆயத்தப்படுத்திக்கொள்வதோ கமமோட்டோ தாமே மேற்கொண்ட முனைப்பு. எனவே சார்பில் தோற்றம் செய்பவரின் பொறுப்பை அழிப்பதில்லை, பயன் தம் ஒருவருடையதே என்னும் செருக்கை மட்டுமே அழிக்கிறது. முயற்சி கமமோட்டோவுக்கு உரியது. கோல் அணிக்கு உரியது.