ஒன்பது பேர்

கல்லூரி மூன்றாம் வருடம். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் ரூம்மேட் வந்த பஸ் லாரியில் மோதியது. நெற்றியில் நாலு தையலோடு அவன் தப்பினான். பக்கத்து சீட்டில் இருந்தவன் அங்கேயே இறந்துபோனான். ரெண்டு பேரும் ஒரே ஊர், ஒரே சபை. அடுத்த வாரம் ஆராதனையில் சாட்சி சொல்ல இவனைக் கூப்பிட்டார்கள். சாட்சி என்றால், ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. அவன் போகவில்லை.

"ஆண்டவர் என்னைக் காப்பாத்தினாருன்னு மைக்ல சொல்லணும். அவங்க அம்மா ரெண்டாவது வரிசையில உக்காந்திருப்பாங்க டா" என்றான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. அன்றைக்கு என்னிடம் பதில் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. காப்பாற்றும் கடவுள் என்று ஒருவரை நம்பினால், காப்பாற்றப்படாதவர்களை எங்கே வைப்பது? பல வருடம் கழித்து மாக்சிமிலியன் கோல்பேயைப் பற்றி வாசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த ரெண்டாவது வரிசைதான்.

கோல்பே போலந்துக்காரர், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அவருடைய எண் 16670. 1941 ஜூலை கடைசியில் முகாமிலிருந்து ஒரு கைதி காணாமல் போகிறான். அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்வது என்று முடிவாகிறது. கார்ல் ஃப்ரிட்ஷ் என்ற அதிகாரி வரிசையில் நடந்து ஆட்களைப் பொறுக்குகிறார். அதில் ஒருவர் பிரான்சிஷெக் கயோவ்னிச்செக், போலந்து ராணுவ சார்ஜென்ட். தன் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் கதறுகிறார். கோல்பே வரிசையை விட்டு வெளியே வந்து, அவருக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொல்கிறார். ஃப்ரிட்ஷ் ஒப்புக்கொள்கிறார்.

பிரசங்கங்களில் இந்தக் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். பிறருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு கிடையாது என்ற யோவான் சுவிசேஷத்துக் கருத்தோடு ஆமென். ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை.

கயோவ்னிச்செக் ஆஷ்விட்ஸைத் தாண்டினார், பிறகு சாக்சன்ஹவுசன் முகாமையும் தாண்டினார். போர் முடிந்து மனைவியிடம் போய்ச் சேர்ந்தார். ஆனால் எந்தப் பிள்ளைகளை நினைத்துக் கதறினாரோ அந்த இரண்டு மகன்களும் 1945இல் சோவியத் குண்டுவீச்சில் இறந்துவிட்டிருந்தார்கள். கோல்பே எதற்காக உயிரைக் கொடுத்தாரோ, அதில் பாதி இல்லாமலே போயிருந்தது. தன்னைக் காப்பாற்ற விட்டதன் மூலம் இன்னொருவரைச் சாகக் கொடுத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு நெடுநாள் இருந்ததாகக் கயோவ்னிச்செக்கே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1995இல், 93 வயதில் இறக்கும்வரை கோல்பேயின் கதையை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தியாகம் செய்தால் பாதுகாப்பு கிடைக்கும் என்ற ஃபார்முலாவை இந்த வாழ்க்கையில் போட்டுப் பார்த்தால் விடை வராது. என் தொழில் புத்தி ஒரு இன்புட், ஒரு அவுட்புட் என்று தேடும். இங்கே அது உதவாது.

பைபிளே இந்த ஃபார்முலாவைச் சந்தேகப்படுகிறது என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பாதுகாப்பு வேண்டி வீட்டுக் கதவுகளில் எழுதி ஒட்டுவார்களே, 91ஆம் சங்கீதம், அதைச் சுவிசேஷங்களில் வெளிப்படையாக எடுத்துச் சொல்கிற ஒரே ஆள் சாத்தான். இயேசுவைக் கோவில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். இயேசு குதிக்கவில்லை. அந்த வாக்குறுதியைப் பொய் என்றும் சொல்லவில்லை. அதை டெஸ்ட் பண்ண மறுக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் சிலுவையில் தொங்கும்போது கீழே நிற்பவர்கள் கேலி பேசுவதும் இதே விஷயத்தைத்தான்: மற்றவர்களைக் காப்பாற்றியவனுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லையே.

சரி, அப்படியென்றால் கடவுள் எங்கே இருந்தார்?

கோல்பே கதையில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது ஃப்ரிட்ஷ் ஒப்புக்கொண்ட விஷயம். அவருக்குத் தேவை பத்து. எந்தப் பத்து என்பது முக்கியமில்லை. ஒரு எண்ணை எடுத்துவிட்டு இன்னொரு எண்ணைப் போட்டால் டேலி ஆகிவிடுகிறது. இயேசு நமக்குப் பதிலாகத் தண்டனையை ஏற்றார் என்ற போதனையைச் சிலர் விளக்கும் விதத்தைக் கேட்டால் பயமாக இருக்கும். யாராவது ஒருவர் செத்தாக வேண்டும், கணக்கு நேராக வேண்டும் என்று கடவுள் காத்திருந்ததுபோலச் சொல்வார்கள். அந்தக் கடவுளுக்கு ஃப்ரிட்ஷின் முகம் வந்துவிடுகிறது. கிறிஸ்தவம் சொல்வதை அதன் நல்ல வடிவத்தில் எடுத்துக்கொண்டால், கடவுள் எண்ணுகிறவர் இல்லை, வரிசையை விட்டு வெளியே வந்தவர். நான் நம்பாதவன்தான். ஆனாலும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது என்று எனக்குப் புரிகிறது.

வெளியே வந்தவர் ஒருவரைத்தான் காப்பாற்றினார். மீதி ஒன்பது பேர்? அவர்களுக்காக யாரும் வரவில்லை. பதினோராம் பிளாக்கின் நிலவறைக்கு அவர்களோடு கோல்பேயும் இறங்கினார். அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த புரூனோ போர்கோவியெட்ஸ் என்ற கைதி பிற்பாடு சாட்சியம் சொன்னார்: அந்த அறையிலிருந்து ஜெபமும் பாட்டும் கேட்டன, பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து நால்வர்தான் உயிரோடு இருந்தார்கள், கோல்பே உட்பட. ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள்.

கயோவ்னிச்செக்குக்குக் கிடைத்தது உயிர். அந்த ஒன்பது பேருக்குக் கிடைத்தது, தேவையே இல்லாமல் உள்ளே வந்த ஒரு மனிதரின் துணை. யாருடைய பசியும் அதனால் குறையவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்த அர்த்தமும் உண்டு என்றால் அந்தச் சொல்லை என்னால் சகித்துக்கொள்ள முடியும்.

கோல்பேயை முழுசாக வெள்ளையடிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் தொடங்கிய பத்திரிகைகளில் யூத வெறுப்பு எழுத்துகள் வந்திருக்கின்றன. போர்க்காலத்தில் அவருடைய மடம் அகதிகளுக்கு, யூதர்களுக்கும்கூட, இடம் கொடுத்தது. இரண்டும் உண்மை.

திருச்சபைக்கும் அவரை எந்தப் பெட்டியில் வைப்பது என்று குழப்பம் இருந்தது. விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டவர்தான் இரத்தசாட்சி என்பது பழைய இலக்கணம். கோல்பே தானாக முன்வந்து செத்தவர். 1971இல் முக்திப்பேறு கொடுத்தபோது அவரை இரத்தசாட்சியாக அறிவிக்கவில்லை. 1982இல் இரண்டாம் ஜான் பால், தயங்கிய ஆய்வுக்குழுவையும் மீறி, இரத்தசாட்சி என்றே புனிதர் பட்டம் கொடுத்தார். பார்வையாளர்களில் கயோவ்னிச்செக்கும் இருந்தார். 2017இல் போப் பிரான்சிஸ், அன்புக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கென்றே தனி வழி ஒன்றைத் திறந்தார்.

இதையெல்லாம் போன மாதம் ரூம்மேட்டிடம் போனில் சொன்னேன். "நாங்க புனிதர்களை எல்லாம் கும்பிடறதில்ல டா" என்று ஆரம்பித்தவன் நிலவறைப் பகுதி வந்ததும் பேசாமல் கேட்டான். அப்புறம் எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னான். விபத்து நடந்து ஏழு மாதம் அந்த அம்மாவின் தெருப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் போயிருக்கிறான். ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறான்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. சாப்ட்டியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். சோறு போட்டாங்க. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க."