வெட்டுவதா, வகுப்பதா?

1951-ஆம் ஆண்டு வெளிவந்த ‘மர்மயோகி’ படத்தில் ஆவி ஒன்று தோன்றும். சிறுவர் அஞ்சுவர் என எண்ணிய தணிக்கையாளர் அப்படத்திற்கு ‘ஏ’ முத்திரை இட்டனர். அம்முத்திரை பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே என்பர். வேடிக்கை என்னவெனில், கதைப்படி அது ஆவியே அன்று. மாண்டதாகக் கருதப்பட்டு உயிர் தப்பிய மன்னர் பூண்ட கோலம். இறுதிவரை கண்டிருந்தால் எந்தச் சிறுவனும் அச்சம் தெளிந்தே வெளிவந்திருப்பான். அவனுக்குத்தான் வாயில் அடைக்கப்பட்டதே! ஆயினும் ஒன்றை நாம் மறுப்பதற்கில்லை. ஆவி படத்திலேயே நின்றது. கலைஞன் கருதிய வண்ணமே பெரியோர் அதைக் கண்டனர்.

புத்தூர், சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தைக் காணாதவர் நம்முள் எவர்? துகிலுரிதலும் உண்டு, துரியோதனன் தொடை பிளக்கும் படுகளமும் உண்டு. பிள்ளைகள் முன்வரிசையில், பாட்டியின் மடியில் அமர்ந்து விழித்திருப்பர். அஞ்சினால் பாட்டி அணைத்துக்கொள்வாள். கேட்டால் கதை சொல்வாள். பாஞ்சாலியின் துயரைக் குறைத்து ஆடும்படி கூத்தரிடம் எவரும் வேண்டியதில்லை. குறைத்திருந்தால் அவள் சபதத்திற்குப் பொருள் ஏது?

குவாஜா அகமது அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருவைக் காட்டியமையால் அதற்கு ‘ஏ’ சான்றிதழே கிட்டியது. அக்காட்சிகளை வெட்டினால் ‘யு’ தருவதாக அரசு கூறிற்று. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கையிலேயே வெட்டின்றி ‘யு’ கிடைத்துவிட்டது. எனினும் கொள்கைக்காக வழக்கை நடத்தினார். 1970-இல் நீதிபதி இதயத்துல்லா அளித்த தீர்ப்பு தணிக்கையை ஏற்றது. ஏனைய கலைகளினும் திரைப்படம் உள்ளத்தை ஆழமாகத் தாக்கும், இளையோரைப் பெரிதும் தாக்கும் என்பது அதன் காரணம். அக்காரணத்தை நாமும் ஏற்கிறோம். ஆனால் அது வயது பார்த்து வகுப்பதற்கு உரிய காரணமேயன்றிக் கத்தரிக்கோலுக்கு உரியதன்று. சிறுவன் ஒருவனை முன்னிட்டு ஒரு காட்சியை வெட்டினால், ஊரில் உள்ள முதியோர் அனைவரும் சிறுவராகிவிடுகின்றனர்.

சட்டமும் மெல்ல இவ்வழியே நகர்ந்துள்ளது. 1983-இல் பெற்றோர் துணையுடன் காணத்தக்க ‘யு/ஏ’ பிரிவு வந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என மூன்றாகப் பகுத்தது. பாட்டியின் மடிக்குச் சட்டம் தந்த பெயர் ‘யு/ஏ’ எனலாம்!

ஆனால் மடி எங்கே? பிழைப்பிற்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் பாட்டி ஊரிலே. தாயும் தந்தையும் பணியிலே. பிள்ளையுடன் தனித்திருப்பது தொலைக்காட்சியும் கைப்பேசியுமே. “நீங்களே வெட்டித் தாருங்கள்” என்று பெற்றோர் அரசிடம் கேட்பது இச்சோர்வினால்தான். அதைப் பழிக்க நமக்கு வாய் இல்லை.

ஒருநாள் இரவு நம் இல்லத்தில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கணவன் மனைவியை அறையும் காட்சி வந்ததும் பதறி நிறுத்திவிட்டோம். எட்டு வயது மகள் உறங்கவில்லை. “அந்த அம்மா செத்துப் போய்ட்டாங்களாப்பா?” என்று இருமுறை எழுந்து கேட்டாள். படத்தில் அத்தாய் சாகவில்லை. விடியலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வீட்டை விட்டே வெளியேறுகிறாள். அதை மகள் காணாதபடி செய்தது நம் கைதான். மறுவாரம் அவளுடன் அமர்ந்து முழுப்படத்தையும் கண்டோம். அறை விழுந்தபோது நம் விரல்களை இறுகப் பற்றினாள். தாய் படியிறங்கியபோது பிடியைத் தளர்த்தி, “பாட்டி வீட்டுக்குத்தானே போறாங்க?” என்று கேட்டாள்.