கண்ணை மூடிய பிறகு

“எல்லா ஆறும் கடலுக்குத்தானுங்க டீச்சர் போகுது” என்பார் எங்கள் பொள்ளாச்சி மனவளக்கலை மன்றத்துத் தம்பி ஒருவர். யோகா, தியானம் என்று எந்த வகுப்புக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே கணக்குக்கு நாலு பேர் நாலு விடை எழுதினால் நாலுக்கும் மார்க் போட்டுப் பழக்கமில்லை.

ஆசனத்தில் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 1930களில் மைசூர் அரண்மனையில் பாடம் சொன்ன கிருஷ்ணமாச்சாரியார் ஒருவரிடமிருந்தே மூன்று பாணிகள் கிளைத்தன. பட்டாபி ஜோயிஸ் மூச்சோடு சேர்த்து, வரிசை மாறாமல், வியர்க்க வியர்க்கச் செய்ய வைத்தார். புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, பெல்ட், கயிறு எல்லாம் கொடுத்து ஒரே நிலையில் நெடுநேரம் நிறுத்தினார். சென்னையில் மகன் தேசிகாச்சார் ஆளைப் பார்த்துத்தான் ஆசனம் என்றார். என் முழங்கால் ஓட்டுப் போட்டது மூன்றாமவருக்கு. இதில் தத்துவச் சண்டை எதுவும் இல்லை. பதஞ்சலியே ஏறத்தாழ இருநூறு யோக சூத்திரங்களில் மூன்றே மூன்றை ஆசனத்துக்கு ஒதுக்கிவிட்டு மேலே போய்விடுகிறார்.

வம்பு கண்ணை மூடிய பிறகுதான்.

வேதாத்திரி மகரிஷியின் ஆசிரமம் உள்ள ஆழியாறு பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் அவருடைய தியான முறையான மனவளக்கலை பரவலானது. புருவ மத்தியில் விரல் வைத்துத் தீட்சை தருவார்கள். பிறகு அகத்தாய்வு: எண்ணம், ஆசை, சினம், கவலை என்று படிப்படியாகப் போகும். யார்மேல் எதற்குக் கோபம் என்று பட்டியலே எழுதச் சொன்னார்கள். என் பட்டியலின் முதல் பெயரை இங்கே சொல்லமாட்டேன், அவரும் இந்தப் பத்திரிகை படிப்பவர். கடைசிப் படி ‘நான் யார்’. அதற்கு அங்கே கிடைக்கும் விடை, சுத்தவெளியான இறைநிலையே நான் என்பது.

திருமுடிவாக்கத்தில் விபஸ்ஸனா முகாமுக்கும் போயிருக்கிறேன். மாண்டலேயில் பிறந்த வணிகர் கோயங்கா 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை அது. அவருடைய குரு ஊ பா கின் பர்மா அரசின் தலைமைக் கணக்காளராக இருந்தவர். கணக்குக்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். பத்து நாள் பேச்சில்லை, புத்தகமில்லை, செல்போனில்லை. ஜபமாலை, மந்திரம், பூஜைக்கும் விடுமுறை. விடிகாலை நான்கு மணிக்கு மணியடிக்கும். கட்டணம் கிடையாது, முடித்தபின் விரும்பினால் நன்கொடை தரலாம். முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். அப்புறம் உச்சி முதல் உள்ளங்கால் வரை உணர்ச்சிகள். எல்லாம் தோன்றி மறைகின்றன, ‘நான்’ என்று நிலையாக ஒன்றும் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை என்பது அங்கே கிடைக்கும் விடை.

பதஞ்சலியைக் கேட்டால், பார்ப்பவன் உண்டு, உடலும் மனமும் அவனல்ல, அவன் தனித்து நிற்பதே முடிவு என்கிறார். ஒன்றுசேர்வதே யோகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. மெய்கண்டார் வழி வந்த சைவ சித்தாந்தமோ, முத்தியிலும் உயிர் சிவனாகிவிடாது, சிவன் திருவடியில் இருக்கும் என்கிறது.

இவை ஒரே கடலில் எப்படிச் சேரும்? ‘இது மதமல்ல, வெறும் பயிற்சி’ என்று நோட்டீசில் அச்சடிப்பதையும் நான் நம்புவதில்லை. நிலையாமையைக் கவனி என்று சொல்லி உட்கார வைத்தால் நிலையாமை தெரிகிறது. வெளியோடு கலந்து நில் என்றால் கலந்ததுபோல் இருக்கிறது. கரும்பலகையில் விடையை எழுதிவிட்டுத் தேர்வு வைப்பது மாதிரிதான். அதனால் ‘நானே அனுபவித்தேன்’ என்ற சாட்சியம் இந்த வழக்கில் செல்லாது. ரத்த அழுத்தம் குறைந்தது, தூக்கம் வந்தது என்றால் சந்தோஷம். ஆனால் புத்தர் போதி மரத்தடியில் உட்கார்ந்தது தூக்கத்துக்காக அல்லவே.

விபஸ்ஸனாவில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அமர்வு உண்டு. அதில் என் முட்டிவலி துடிப்புத் துடிப்பாகச் சிதறியது உண்மை. சிதறியதை அறிந்தது யார் என்று முகாம் முடிந்தபின் கேட்டேன். அந்த அறிவும் தோன்றி மறைவதுதான் என்றாள் உடன் வந்த தோழி. சட்டென்று மறுக்க முடியாத பதில்.

எனக்குக் கைகொடுத்தது சைவ சித்தாந்தம். எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவது உயிரின் இயல்பு என்கிறது அது. ஒவ்வொரு வகுப்பிலும் அந்தந்த வகுப்பின் அனுபவமே ஏன் வாய்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கண்டதில்லை. தேவாரம் கேட்டு வளர்ந்த வீட்டுப் பெண், வேறெதைச் சொல்வாய் என்கிறாள் தோழி. சரிதான், என் பலகையிலும் யாரோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் சார்வதற்கு ஓர் உயிர் இருந்தாக வேண்டுமே என்ற இடத்தில் எங்கள் வாதம் இன்னும் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது.