உட்கார இடம் தந்த ஊர்

அறுபதைத் தாண்டிய இரண்டு சென்னைக்காரர்கள் சந்தித்தால், பேச்சு எப்படியும் இல்லாமல் போன இடங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். மூர் மார்க்கெட், சபையர் தியேட்டர், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், ஜெமினி ஸ்டுடியோ. ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால் போதும், மற்றவர் அதற்கு எதிரே இருந்த பழச்சாறுக் கடையை ஞாபகப்படுத்துவார். நானும் இந்தப் பேச்சில் மணிக்கணக்கில் கலந்துகொள்கிறவன்தான். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. நாம் எதற்காக வருந்துகிறோம்? கட்டடத்துக்காகவா, அங்கே போய்வந்த வயதுக்காகவா?

வயதுக்காகத்தான் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இருபது வயதில் நான் போய்வந்த எத்தனையோ கடைகள் இன்று இல்லை. அவற்றில் பெரும்பாலானவை நினைவில்கூட இல்லை. சில இடங்களுக்காக மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது என்றால், அந்த இடங்களில் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும்.

மூர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்கிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி நின்ற சிவப்புக் கட்டடம். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1900இல் திறக்கப்பட்டது. உள்ளே போனால் கிளியும் முயலும் கூண்டில் இருக்கும். அடுத்த கடையில் கிராமபோன் ரெக்கார்டுகள். அதற்கடுத்து பொம்மை, கடிகாரம், யாரோ ஒரு துரை விட்டுப்போன நாற்காலி. எனக்கு அந்தப் பக்கமெல்லாம் பார்வை போகாது. நேராகப் பழைய புத்தகக் கடைகள். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவினால் மேலே இருப்பது எல்லாம் சரியும். அதனால் கடைக்காரர் தானே எழுந்து வந்து, இடது கையால் அடுக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நான் காட்டிய புத்தகத்தை உருவித் தருவார். கையில் காசு இல்லை என்பது என் சட்டையைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். “படிச்சுட்டு வெச்சுடுப்பா, முனைய மட்டும் மடிக்காத” என்பார். ஜெயகாந்தன் குறுநாவல் ஒன்றை முழுக்க நின்றுகொண்டே படித்து முடித்து, அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

1985 மே 30ஆம் தேதி இரவு அது எரிந்து போனது. அதே வருஷம்தான் பக்கத்தில் இருந்த உயிரியல் பூங்காவும் வண்டலூருக்குப் போனது. மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் இன்று புறநகர் ரயிலுக்கு டிக்கெட் வாங்குகிறோம். வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். தேடிப்போய்ப் பார்த்தேன். புத்தகங்கள் இருந்தன. நின்று படிக்கும் அந்தக் கூட்டம் சேரவில்லை.

கதீட்ரல் சாலை டிரைவ்-இன்னும் அப்படித்தான். உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ் 1962இல் தொடங்கியது. வேளாண் தோட்டக்கலைச் சங்கத்து நிலம், அதனால் நல்ல மரநிழல். கார்க்காரர்களுக்குக் கண்ணாடியில் தட்டை மாட்டிக் கொடுப்பார்கள். கார் இல்லாத நாங்கள் உள்ளே போய் உட்காருவோம். ஒரு சாம்பார் வடை, ஒரு காபி. அதற்குமேல் மதியம் முழுக்கப் பேச்சு. பக்கத்து மேசையில் மருந்துக் கம்பெனி ரெப் பையைத் திறந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் ஒரு உதவி இயக்குநர் இன்னொருவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் வந்து “வேற என்ன வேணும்?” என்று கேட்டு எழுப்பியது கிடையாது. 2008இல் மூடினார்கள். 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. அழகான பூங்கா, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை தேடி அலைகிற ஒருவன் ஒரு காபியைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார இருந்த இடம் போய்விட்டது.

1964இல் திறந்த சபையர் வளாகத்தில் சபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என்று மூன்று தியேட்டர்கள். புளூ டயமண்டில் படம் நாள் முழுக்க இடைவிடாமல் ஓடும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். மே மாத வெயிலில் பாதிப் படத்தில் நுழைந்து, ஏசியில் ஒரு தூக்கம் போட்டு, விழித்ததும் படத்தின் தொடக்கத்தைப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். காசில்லாதவன் நேரத்தைச் செலவிட அங்கே இடம் இருந்தது. வாங்க வந்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன் என்று பிரித்து யாரும் அவனை வெளியே தள்ளவில்லை. காரில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும் ஒரே சமையலறைக் காபியைக் குடித்தார்கள். ஓர் ஊர் தன் ஜனங்களுக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இது பெரியது என்றே நினைக்கிறேன்.

இப்படிப் பார்த்தால் எதற்கு வருந்த வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் தெளிகிறது. பழைய ஸ்பென்ஸர் கடைக் கட்டடம் எண்பதுகளின் தொடக்கத்தில் எரிந்ததைச் சொல்லி இன்றும் கலங்குகிறவர்கள் உண்டு. அழகான கட்டடம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் என் அப்பா மவுன்ட் ரோடில் எத்தனையோ வருஷம் வேலைக்குப் போய்வந்தவர். ஒருநாளும் அதற்குள் நுழைந்ததில்லை. நம்மை உள்ளே வா என்று சொல்கிற இடமாக அது அவருக்குப் படவே இல்லை. அதேபோல, ஹோட்டல் வாசல்களில் ஒரு காலத்தில் ‘பிராமணாள்’ என்று பலகை தொங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் நடத்திய போராட்டத்தில் ஆட்கள் நாள்தோறும் கைதாகிப் போனார்கள். அந்தப் பலகைகள் மறைந்ததற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் தேவையில்லை. கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனபோது வருந்தியவர்கள் உண்டு. அந்தச் சந்துகளில் மூட்டை சுமந்தவரைக் கேட்டுவிட்டு வருந்த வேண்டிய விஷயம் அது.

இவ்வளவையும் அக்காவிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நாலு வயது மூத்தவள், தண்டையார்பேட்டையில் இருக்கிறாள். கீரையை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், “நீ சொல்ற இடமெல்லாம் நீ தனியா போன இடம்டா. என்னை யார் விட்டா? டிரைவ்-இன்ல நான் ஒருத்தியா போய் மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தா, வீட்டுல என்ன நடந்திருக்கும்?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு எது மறைந்து போனது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. சர்குலேஷன் லைப்ரரிக்காரர் என்றாள். சைக்கிள் கேரியரில் பெரிய பையோடு வருவார். விகடன், குமுதம், கல்கி, எல்லாவற்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டு, முதுகில் ஸ்டேப்ளர் அடித்திருக்கும். போன தடவை கொடுத்ததை வாங்கிக்கொண்டு புதுசைத் தருவார். தொடர்கதையில் அந்த வார அத்தியாயம் எப்படி என்று இரண்டு வரி பேசுவார். வெளியாள் ஒருவரோடு, அவள் படித்ததைப் பற்றி, யார் துணையும் இல்லாமல் அவள் பேசியது அந்த வாசற்படியில்தான். டி.வி. சீரியல் வந்தது, அவர் வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. அவருக்காக யாரும் ஒரு வரி எழுதியதாக நான் பார்க்கவில்லை. நாங்கள் ஆண்கள் எழுதிவைத்த பட்டியல்களில் வாசற்படிகள் இல்லை.

இன்றைக்கு உட்கார இடம் எங்கே? மாலில் பெஞ்சு உண்டு, ஆனால் நடை எப்போதும் கடையை நோக்கியே இழுக்கும். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவும் வெகுகாலம் பகலில் பூட்டியே கிடந்தன, உட்கார இடம் தேவைப்படுகிற அதே நேரத்தில். டீக்கடைகளில் தினத்தந்தி கிடந்த பெஞ்சு போய், நின்று குடித்துவிட்டு நகர வேண்டியிருக்கிறது.

ஒன்று இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010 செப்டம்பரில் திறந்தது. அடுத்த வருஷமே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நின்றது. மூர் மார்க்கெட் ஒரே இரவில் போனது, நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கே செய்ய முடிந்தது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் வந்தால் சாயந்தரம்வரை எழுந்திருப்பதில்லை. பாதிக்குப் பாதி பெண்பிள்ளைகள், தனியாக வந்தவர்கள்.

அக்காவை ஒருநாள் கூட்டிப்போனேன். இப்போது அவளாகவே இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஆனால் அந்த இரண்டு பஸ் மாறுவதில் அவளுக்குக் கோபம். “வடக்கே இருக்கறவங்க எல்லாம் படிக்கணும்னா கோட்டூர்புரம் வரணுமா?” என்கிறாள். தண்டையார்பேட்டையில் பகல் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு படிப்பகம் வேண்டும் என்று கவுன்சிலருக்கு மனு எழுதியிருக்கிறாள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். மின்விசிறியும் பெண்களுக்குக் கழிப்பறையும் கட்டாயம் வேண்டும் என்று கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.