நோன்பு திறக்கத் தெரியாத பசி

 



குறைவாகச் சாப்பிடுவதை நம் மார்க்கம் புகழ்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் அளவு சொல்லித் தந்தார்கள். ஆண்டில் ஒரு மாதம் பகல் முழுவதும் உண்ணாமல் இருப்பதே நமக்குக் கடமையான வணக்கம். அப்படியிருக்க, பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நாள்தோறும் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனால் அதை என்னவென்று சொல்வது? பேணுதல் என்று பாராட்டுவதா? பிடிவாதம் என்று கண்டிப்பதா? நோய் என்று கவலைப்படுவதா?

இந்தக் கேள்விக்கு இன்று விடை தேட வேண்டியிருக்கிறது. உடல் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்து, அந்தப் பட்டினியிலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்த நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயர் வைத்தார். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று. ஆகவே இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

உடல் யாருடையது?

மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்திருப்பதாக அத்தீன் அத்தியாயத்தில் (95:4) அல்லாஹ் கூறுகிறான். கறுத்தவர், சிவந்தவர், மெலிந்தவர், பருத்தவர் என்று யாரையும் அவன் அதில் பிரிக்கவில்லை. இந்த உடல் நாம் சம்பாதித்தது அல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது மோசடி என்றால், கவனிக்காமல் அழிய விடுவதும் மோசடிதான். முதல் மோசடியைப் பற்றி நம் மிம்பர்களில் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசியது குறைவு.

ஆனால் தன் உடலை ஒரு பிள்ளை வெறுக்கத் தொடங்கினால், அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். பிறக்கும்போது எந்தக் குழந்தையும் தன் இடுப்பைப் பார்த்து வெட்கப்படுவதில்லை.

ஃபிஜித் தீவில் நடந்தது

பசிபிக் கடலில் இருக்கிறது ஃபிஜி. அங்குள்ள பூர்வகுடி மக்களிடம் வாட்டசாட்டமான உடல்தான் அழகு, அதுதான் ஆரோக்கியம் என்ற எண்ணம் இருந்தது. வீட்டுப் பக்கம் யார் போனாலும் 'சாப்பிட வாருங்கள்' என்று அழைப்பார்கள். ஒரு பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அதை நோயாகக் கருதி, 'மதாகே' என்று பெயரும் வைத்து, பச்சிலை மருந்து கொடுப்பார்கள். மெலிய வேண்டும் என்பதற்காக உணவைக் குறைப்பது அவர்களுடைய வழக்கத்தில் இல்லை.

1995-இல் அங்குள்ள நத்ரோங்கா மாகாணத்திற்குத் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலேயே பள்ளி மாணவிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1998-இல், அதே வயதுடைய வேறு மாணவிகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார். எடையைக் குறைப்பதற்காகத் தானாக வாந்தி எடுத்ததாக 1995-இல் ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை. 1998-இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். நான்கில் மூன்று பேர், தாங்கள் மிகவும் பருமனாக இருப்பதாகச் சில நேரங்களிலாவது நினைத்ததாகச் சொன்னார்கள்.

அந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளின் உடலமைப்பு மாறிவிடவில்லை. அளக்கும் கோல்தான் மாறியது. தொலைக்காட்சி நாடகத்தில் வரும் பெண்ணின் உடல் கோலாக வந்தது, தன் உடல் குறையாகத் தெரிந்தது. அன்று வீட்டுக்கு ஒரு பெட்டி இருந்தாலே அதிகம். இன்று ஆளுக்கொரு திரை. படுக்கையிலும் அது கூடவே இருக்கிறது. அதில் வரும் முகங்களும் உடல்களும் கணினியில் செதுக்கப்பட்டவை என்று தெரிந்திருந்தும் மனம் அவற்றோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கு அல்ல. எவ்வளவு தசை ஏறினாலும் தான் இன்னும் ஒல்லியாகவே இருப்பதாக எண்ணி, உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடக்கும் இளைஞர்களின் நிலையை, 1997-இல் ஆய்வாளர்கள் ஒரு நோயாகவே எழுதினார்கள்.

திரைக்கு முன்பே நம் நாவு

எல்லாப் பழியையும் திரையின் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பெருநாளன்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் பிள்ளையைப் பார்த்ததும் என்ன கேட்கிறார்? 'என்ன இப்படிப் பெருத்துட்டே?' என்கிறார். பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வண்டியில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? நிறம், எடை, உயரம்! நாம் விளையாட்டாகச் சொன்னோம், சிரித்தோம், மறந்துவிட்டோம். அந்தப் பிள்ளை மறக்கவில்லை.

ஒரு முறை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவைச் சுட்டி ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கடல் நீரில் கலந்தால் கடலே கெட்டுவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. கடலையே கெடுக்கும் வார்த்தை ஒரு சிறுபிள்ளையின் மனதை என்ன செய்யும்?

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மிக மெலிந்தவை. அவர்கள் மிஸ்வாக் குச்சி பறித்துக்கொண்டிருந்தபோது காற்றில் ஆடை விலகி, அந்தக் கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்துவிட்டார்கள். மறுமையின் தராசில் அந்தக் கால்கள் உஹத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். 'பரவாயில்லை, உங்கள் கால்களும் அழகுதான்' என்று சமாதானம் சொல்லவில்லை. எடை போடுகிற தராசையே மாற்றிக் காட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டிய பதிலும் இதுதான்.

பசி மூளையைப் பிடிக்கும்போது

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 'சாப்பிட்டால் சரியாகிவிடும், சாப்பிட வேண்டியதுதானே? அல்லாஹ் தந்த ரிஸ்கை மறுக்கலாமா?' என்று சிலர் கோபப்படுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டினி மனிதனை என்ன செய்கிறது என்பதை அறிந்தால் கோபம் குறையும்.

இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், பட்டினியால் வாடிய மக்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அதைவிட ஆச்சரியம், அவர்களின் மனம் மாறியது. நாள் முழுக்க உணவைப் பற்றிய நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கிப் படித்தார்கள். சிறு உணவை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காத தனிமை. உணவு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்குப் போதும் என்ற உணர்வே வரவில்லை.

சகோதரர்களே! இவர்கள் யாரும் அழகுக்காகப் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். பட்டினியே அவர்களின் மனதை அப்படி ஆக்கியது. நம் பிள்ளை உணவைக் குறைக்கத் தொடங்கியது ஒரு முடிவாக இருக்கலாம். ஒரு கட்டத்திற்குப் பிறகு அது முடிவாக இருப்பதில்லை, பிடியாக மாறுகிறது. இந்த நோய்க்குப் பிறவியிலேயே வரும் சாய்வும் உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பிள்ளையை 'ஈமான் குறைந்தவள்' என்று சொல்வதும் தவறு. தாயை 'வளர்ப்பு சரியில்லை' என்று குற்றம் சாட்டுவதும் தவறு.

நோன்புக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு

இரண்டிலும் வயிறு காலிதான். ஆனால் நோன்பாளி அல்லாஹ்வுக்காகப் பசித்திருக்கிறார், இவர்கள் கண்ணாடிக்காகப் பசித்திருக்கிறார்கள். நோன்புக்கு ஓர் எல்லை உண்டு. மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை எடுக்கிறோம். அந்த நேரத்தைத் தாமதப்படுத்தாமல் இருப்பதே சுன்னத். நோன்பாளிக்கு உள்ள இரண்டு மகிழ்ச்சிகளில் ஒன்று நோன்பு திறக்கும் மகிழ்ச்சி என்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஸஹர் உணவில் பரக்கத் இருப்பதாகவும் வந்திருக்கிறது. உண்பதையும் சேர்த்துத்தான் நம் நோன்பு. இந்த நோயின் பசிக்கோ மஃரிப் இல்லை. நோன்பு திறக்கத் தெரியாத பசி அது. ஒரு கவளம் வாயில் வைத்தால் மகிழ்ச்சி வருவதில்லை, குற்ற உணர்வு வருகிறது.

இதனால்தான் ரமளானில் இன்னும் கவனம் தேவை. நோயாளி நோன்பை விட்டுவிட்டு வேறு நாள்களில் நோற்கலாம் என்று அல்பகரா அத்தியாயத்தில் (2:185) அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான். நமக்கு இலேசையே விரும்புவதாகவும் அதே வசனத்தில் சொல்கிறான். காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் இந்தச் சலுகையை ஏற்கிறோம். மருத்துவர் கூடாது என்று சொன்னால் இந்த நோய்க்கும் அது பொருந்தும். உங்கள் ஊர் ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு என்ற பெயரில் நோய் ஒளிந்துகொள்ள நாம் இடம் தரக்கூடாது.

ஸல்மான் (ரலி) அமர்ந்த விரிப்பு

புகாரியில் வரும் ஒரு சம்பவம். அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நஃபில் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று உடலை வருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களின் மார்க்கச் சகோதரர் ஸல்மான் (ரலி) வீட்டுக்கு வந்தார்கள். அபுத்தர்தா அவர்கள் விருந்தாளிக்கு உணவு வைத்துவிட்டுத் தாம் நோன்பு என்றார்கள். நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று ஸல்மான் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அபுத்தர்தா அவர்களும் சாப்பிட்டார்கள். பிறகுதான் ஸல்மான் அவர்கள் பேசினார்கள்: இறைவனுக்குச் சேர வேண்டிய உரிமை உண்டு, உங்கள் உயிருக்கும் உண்டு, உங்கள் குடும்பத்துக்கும் உண்டு, அவரவர் உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். ஸல்மான் உண்மையைச் சொன்னார் என்று நபி (ஸல்) அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கவனியுங்கள். உபதேசம் பின்னால் வந்தது, கூட உட்கார்ந்தது முன்னால் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்தால்தான் குணமாகும் என்று பாரிஸின் புகழ்பெற்ற மருத்துவர் ஷார்கோ போன்றவர்கள் கருதினார்கள். நூறு ஆண்டுகள் கழித்து லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை மருத்துவர்கள் வேறு வழியைச் சோதித்தார்கள். பெற்றோரைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல் சிகிச்சையில் துணையாகச் சேர்த்துக்கொண்டார்கள். இளம் வயதில் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களுக்கு இந்த வழி நல்ல பலன் தந்ததாக 1987-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இன்று அந்த வழியில் நடக்கும் சிகிச்சையில், மருத்துவரின் மேற்பார்வையோடு பெற்றோரே ஒவ்வொரு வேளையும் பிள்ளையோடு அமர்ந்து, பொறுமையாகச் சாப்பிட வைக்கிறார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் அன்று அந்த விரிப்பில் அமர்ந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கிப் போனால், சாப்பிட்டதும் உடனே குளியலறைக்குப் போனால், மயக்கம், மாதவிடாய் நின்றுபோதல், எப்போதும் குளிர் என்று சொன்னால், எடை வேகமாகக் குறைந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய ஊட்டுவதும் உயிருக்கு ஆபத்து. அதற்கும் மருத்துவர் வேண்டும். கண்ணேறு என்றோ, வெளியே தெரிந்தால் சம்பந்தம் வராது என்றோ மறைக்காதீர்கள். ஓதிப் பார்ப்பது மருத்துவத்துக்குத் துணை, மாற்று அல்ல.

இளைஞர்களே, உங்களில் யாராவது இந்தப் பசியில் சிக்கியிருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே வாய் திறந்து சொல்லுங்கள். அல்லாஹ் நம் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, உள்ளத்தையும் செயலையும் பார்க்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான். அவன் பார்க்காத ஒன்றுக்காக, அவன் தந்த உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை எங்கள் பிள்ளைகளுக்குக் காயமாக ஆக்கிவிடாதே. நீ தந்த உடலை நன்றியோடு பேணும் மனதை எங்களுக்குத் தா. பசியின் பிடியில் தவிக்கும் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தா. அவர்களோடு ஒரே விரிப்பில் அமரும் பொறுமையை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.